ஐப்பசி மாசமும் நம்ம ஊர் பூங்காவும்

(மாதக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஓர் உறுப்பினர் நிறுத்தி நிதானமாகப் படிக்கட்டும். மற்றவர்கள் கேட்டு, கடைசியில் உள்ள கேள்விகளைப் பேசி முடிவெடுக்கவும்.)



மழை பிடிச்சு மலை பச்சையாயிட்டா போதும், சனி ஞாயிறு ஆனா ஜமுனாமரத்தூர் ரோட்டுல காரும் பைக்கும் வரிசையா வருது. போளூர் பக்கமிருந்தும் வருது, ஆலங்காயம் பக்கமிருந்தும் வருது. வர்றவங்க வளைவுல வண்டிய நிறுத்துறாங்க. மலைய பாக்குறாங்க, போட்டோ எடுக்குறாங்க. கோமுட்டேரியில படகுல போறாங்க. பீமன் நீர்வீழ்ச்சிக்குப் போறாங்க. நம்மகிட்ட சீத்தாப்பழம், சாமை அரிசி, தேன் வாங்கிட்டுப் போறாங்க.

"இங்க என்ன இருக்குன்னு இவ்வளவு தூரம் செலவு பண்ணி வர்றாங்க?" என்று நம் உறுப்பினர்கள் பலர் கேட்பது உண்டு. நல்ல கேள்வி. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான். பட்டணத்துக்காரர்கள் பருவத்தையும் பூங்காவையும் ஏன் தேடிப் போகிறார்கள், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

இது என்ன பருவம்?

நம் முன்னோர்கள் ஒரு வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். கூதிர் என்றால் குளிர்காற்று வீசும் காலம். அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும்.

ஐப்பசியில் அடைமழை என்று பெரியவங்க சொல்லுவாங்க. தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. நம் மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் கொஞ்சம் கிடைப்பதால், புரட்டாசி முடியும்போதே பச்சை பிடித்துவிடுகிறது.

குளிர் நாடுகளில் இதே மாதங்களை இலையுதிர்காலம் என்கிறார்கள். அங்கே பனி வருவதற்கு முன் வெயில் குறைந்து பகல் சுருங்கும். மரம் இலையில் இருக்கும் பச்சையத்தை உடைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பச்சை போனதும் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். சில மரங்களில் சிவப்பும் புதிதாக உண்டாகும். பிறகு இலை கொட்டிவிடும். அந்த நிறத்தைப் பார்ப்பதற்காகவே அந்த ஊர் மக்கள் பூங்காவுக்குப் போவார்கள்.

நம் காட்டிலும் இலை உதிரும். ஆனால் இந்த மாதத்தில் அல்ல. தை கழிந்து மாசி, பங்குனியில்தான் நம் காடு மொட்டையாகும். காரணம் பனி இல்லை, தண்ணீர்தான். இலை வழியாக ஈரம் ஆவியாகிப் போவதால், தண்ணீர் இல்லாத நாளில் மரம் இலையைக் கொட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. வருமானம் குறைஞ்ச மாசத்துல நாம செலவைக் குறைக்கிற மாதிரிதான். ஆக, அக்டோபர் மாதம் அவர்கள் காட்டுக்கு முடிவு, நம் காட்டுக்குச் செழிப்பு.

பட்டணத்தில் பூங்கா எதற்கு?

பூங்கா என்பது பணக்காரர்களுக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ராஜா வீட்டுத் தோட்டத்தில் ராஜா குடும்பம் மட்டும்தான் உலாவும். பெங்களூரு லால்பாக் தோட்டத்தை 1760இல் ஆரம்பித்தவர் ஹைதர் அலி. இன்றைக்கு அதே தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் உலாவலாம்.

இந்த மாற்றம் எப்படி வந்தது? 200 வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் ஆலைகள் பெருகின. கிராமத்து ஜனங்கள் வேலை தேடிப் பட்டணத்துக்குப் போனார்கள். புகை, நெரிசல், சின்ன அறை, நோய். உழைக்கிறவனுக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்று கேள்வி எழுந்தது. 1847இல் பிர்கன்ஹெட் என்ற ஊரில் பொதுப் பணத்தில் பொதுமக்களுக்காகவே ஒரு பூங்கா திறந்தார்கள். அதைப் பார்த்து அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 1858 முதல் சென்ட்ரல் பார்க் வந்தது. அதன் பரப்பு 843 ஏக்கர்.

நம் சென்னையிலும் 1859இல், டிரெவெல்யன் ஆளுநராக இருந்தபோது, பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்று தொடங்கினார்கள். மக்கள் பூங்கா என்று அர்த்தம். அங்கே இருந்த மிருகக்காட்சி சாலைதான் பின்னாளில் இடம் மாறி, 1985இல் வண்டலூரில் பெரிதாகத் திறக்கப்பட்டது. 2010இல் சென்னை கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா வந்தது.

காலையிலும் மாலையிலும் இந்தப் பூங்காக்களில் பெண்கள் நடப்பதைப் பார்க்கலாம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசைந்து நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு அது அவசியம். நடந்து முடித்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரியோடு நாலு வார்த்தை பேசி, மரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

நம் ஊரிலிருந்து பெங்களூரு, சென்னை, திருப்பூர் என்று வேலைக்குப் போய்த் தங்கியிருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் இருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் பக்கத்துப் பூங்காதான் காடு. போன் பேசும்போது, "லீவு நாளில் பக்கத்துப் பூங்காவுக்குப் போய் உட்கார்ந்து வாம்மா" என்று சொல்லுங்கள்.

நமக்கு ஓய்வு உண்டா?

"நாங்க தினமும் மலை ஏறி இறங்குறோம். விறகு சுமக்குறோம். களை எடுக்குறோம். எங்களுக்கு எதுக்கு நடை?" என்று கேட்பீர்கள். சரிதான். நமக்கு நடை குறைவில்லை. குறைவாக இருப்பது ஓய்வு.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவு செய்கிறார்கள் என்று மத்திய அரசு 2019இலும் 2024இலும் நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலை, அதாவது சமையல், பாத்திரம், துணி, கூட்டிப் பெருக்குவது போன்ற வேலைகளைச் செய்பவர்களில்:

2019இல் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம்.
2024இல் பெண்கள் 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம்.

289 நிமிஷம் என்றால் 4 மணி 49 நிமிஷம். ஆண்களைவிட 3 மணி 21 நிமிஷம் அதிகம். அஞ்சு வருஷத்தில் நமக்கு 10 நிமிஷம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கும் 9 நிமிஷம் குறைந்துவிட்டதால் இடைவெளி அப்படியேதான் நிற்கிறது. பிள்ளை பார்ப்பது, முதியவர்களைக் கவனிப்பது இந்தக் கணக்கில் சேரவில்லை, அது தனி. விறகும் தண்ணீரும் தனி. கழனி வேலையும் கூலி வேலையும் தனி. இதற்கெல்லாம் மேலேதான் நம் குழுக் கூட்டம், வங்கி வேலை, பதிவேடு எல்லாம்.

ராத்திரி அசந்து தூங்குகிறோமே, அது ஓய்வு இல்லையா? தூக்கம் உடம்புக்கு ஓய்வு. ஆனால் கண் விழித்திருக்கும் நேரத்தில், யாருக்கும் எதுவும் செய்யாமல், யாரும் கூப்பிடாமல் இருக்கும் நேரம் வேறு. மனசு ஆற அந்த நேரம் வேண்டும். வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு கண்ணில் படும், அழுக்குத் துணி கண்ணில் படும். அதனால்தான் வீட்டுக்கு வெளியே ஓர் இடம் தேவைப்படுகிறது.

ஒரு பெண் சும்மா ஏரிக்கரையில் உட்கார்ந்தால், "வேலை வெட்டி இல்லையா?" என்று கேட்பார்கள். ஆண்கள் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் கேட்பதில்லை. குழு ஆரம்பித்த காலத்தில் வங்கிக்குத் தனியாகப் போவதற்கும் இதே பேச்சுதான் வந்தது. 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்தபோது, பெண்கள் கூடி உட்கார்ந்து பேசுவதையே தப்பாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து போனதால் பழக்கமாகிவிட்டது. பூங்காவுக்கும் அதே வழிதான். தனியாகப் போகத் தயங்கும் இடத்துக்குக் குழுவாகப் போகலாம்.

நம்ம பூங்காவில் என்ன பார்க்கலாம்?

ஜமுனாமரத்தூர் கோமுட்டேரியில் ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறது. சந்தைக்கும் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வரும்போது அந்த வழியாகத்தான் போகிறோம். எத்தனை பேர் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறோம்? வேலூர் பக்கம் அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அமிர்தி இருக்கிறது. அங்கே 1967 முதல் சிறிய வன உயிரியல் பூங்கா நடக்கிறது.

போய் உட்கார்ந்தால் போதும். ஆனால் ஐப்பசியில் கவனித்துப் பார்க்க நிறைய இருக்கிறது.

1. தண்ணீர். மழை பெய்த மறுநாள் ஏரித் தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கும். மண் அடியில் படியப் படியத் தெளியும். மேலே காடும் புல்லும் நன்றாக இருந்தால் மண் குறைவாக வரும். செய்யாறு நம் மலையில்தான் பிறக்கிறது. இங்கே விழும் மழைதான் கீழே ஓடிப் பாலாற்றில் சேர்கிறது.

2. பட்டாம்பூச்சி. தென்மேற்குப் பருவமழை சமயத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சில வகைப் பட்டாம்பூச்சிகள் கிழக்கே வருகின்றன. அக்டோபர், நவம்பரில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து கூட்டமாக மேற்கே திரும்புகின்றன. நம் ஜவ்வாது மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்ததுதான். ஒரே திசையில் வரிசையாகப் பறந்தால் அவை பயணம் போகின்றன என்று தெரிந்துகொள்ளலாம். 2019இல் தமிழ் மறவன் என்ற பட்டாம்பூச்சியை அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது.

3. தட்டான். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். நடுக்கடலில் இருக்கும் மாலத்தீவில் அக்டோபர் மாதம் தட்டான்கள் திடீரென்று கூட்டமாக வந்து இறங்கும். அவை இந்தியாவிலிருந்து கிளம்பிக் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் எழுதினார். விரல் நீளப் பூச்சி செய்யும் காரியத்தைப் பாருங்கள்.

4. செங்காந்தள். கண்வலிப்பூ என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. மழைக்காலத்தில் வேலியில் ஏறிப் பூக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு சிவப்பு என்று ஒரே பூ நிறம் மாறும். பார்க்கலாம், ஆனால் வாயில் வைக்கக் கூடாது. கிழங்கு, விதை எல்லாமே விஷம். பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லி வைக்கவும்.

5. ராத்திரி வானம். இது நம் வீட்டு வாசலிலேயே இருக்கிற பூங்கா. மேகம் விலகிய ராத்திரியில் கிழக்கே பார்த்தால் கார்த்திகை என்ற ஆறு மீன் கூட்டம் தெரியும். பட்டணத்தில் விளக்கு வெளிச்சத்தில் இதைப் பார்ப்பது கஷ்டம். நம் மலை இருட்டாக இருப்பதால்தான் காவலூரில் வானாய்வு மையம் வைத்தார்கள். 1968இல் ஒரு சிறிய தொலைநோக்கியோடு வேலை ஆரம்பித்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளைச் சுற்றி வளையம் இருப்பது உலகத்துக்குத் தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986இல் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். சனிக்கிழமைகளில் பொதுமக்களைப் பார்க்க விடுவது வழக்கம். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகவும். மழை மாதங்களில் மேகம் மறைக்கும், தை முதல் வானம் தெளிவாக இருக்கும்.

கவனம் தேவை

• பீமன் நீர்வீழ்ச்சியில் மேலே மழை பெய்தால் கீழே தண்ணீர் சட்டென்று கூடும். தண்ணீர் கலங்கலாக மாறினாலே உடனே கரை ஏறவும். பாறை வழுக்கும்.
• இடி மின்னல் நேரத்தில் தனி மரத்தடியிலும் ஏரியிலும் நிற்கக் கூடாது.
• படகில் ஏறினால் மிதவைச் சட்டை கேட்டு வாங்கிப் போடவும். எத்தனை பேர் ஏறலாமோ அத்தனை பேர் மட்டும்.
• குரங்குக்குத் தின்பண்டம் போட வேண்டாம். பழகினால் வீட்டுக்குள்ளும் கழனிக்குள்ளும் வந்துவிடும்.

வர்றவங்களும் நாமும்

விருந்தாளிகள் வருவதால் நமக்கு வருமானம் உண்டு. அதோடு குப்பையும் வருகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்ற இயக்கத்தை அரசு ஆரம்பித்தது. நாம் விற்கும் சீத்தாப்பழத்தையும் நெல்லிக்காயையும் இலையிலோ காகிதத்திலோ துணிப்பையிலோ கொடுப்போம். "பையை நாங்களே தர்றோம், பிளாஸ்டிக்கை மலையில போடாதீங்க சார், அம்மா" என்று சொல்லிக் கொடுப்போம். பை தைக்கத் தெரிந்த உறுப்பினருக்கு அதுவும் ஒரு வருமானம்.

இன்னொன்று. வருகிறவர்கள் பார்க்கும்போது நாம் வியாபாரிகளாக மட்டும் நிற்கிறோம். ஏரியும் மரமும் அவர்களுக்கு, உழைப்பு மட்டும் நமக்கு என்று ஆகிவிடக் கூடாது. நாம் உள்ளே போய் உட்கார்ந்தால்தான் விளக்கு எரியவில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை, பெஞ்சு உடைந்திருக்கிறது என்பது தெரியும். தெரிந்தால் கிராம சபையில் கேட்கலாம். பெண்கள் பயன்படுத்தாத பொது இடத்தில் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

எப்படிச் செய்வது?

முதல் படி: மாதக் கூட்டத்தில் ஒரு நாளைத் தீர்மானமாக எழுதவும். மாதக் கூட்டத்தையே ஏரிக்கரையில் வைத்தால் தனியாக ஒரு நாள் தேவையில்லை.

இரண்டாம் படி: அந்த நாளில் சமையலையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்று வீட்டில் முன்பே பேசவும். "இன்னிக்கு சாயங்காலம் அடுப்பு உங்க பொறுப்பு" என்று வீட்டுக்காரரிடமும் வளர்ந்த மகனிடமும் சொல்லவும். முந்தின நாளே ரெண்டு நாள் வேலையைச் செய்து வைத்துவிட்டுப் போனால் அது ஓய்வு ஆகாது.

மூன்றாம் படி: செலவைத் திட்டமிடவும். குழுக் கடனையோ சுழல் நிதியையோ இதற்கு எடுக்கக் கூடாது. ஆளுக்கு மாதம் 10 ரூபாய் தனியாகச் சேர்த்தால், 15 பேர் குழுவில் ஆறு மாதத்தில் 900 ரூபாய் சேரும். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம். சாமைச் சோறும் புளிக்குழம்பும் போதும்.

நான்காம் படி: மூட்டு வலி உள்ள அத்தைமார், கைக்குழந்தை உள்ள தங்கச்சிமார், மாற்றுத்திறனாளி உறுப்பினர் எல்லாரும் வரும்படி இடத்தையும் வண்டியையும் முடிவு செய்யவும். நடக்க முடிந்தவர்கள் மட்டும் போனால் அது குழு ஆகாது.

ஐந்தாம் படி: அங்கே போனதும் முதல் அரை மணி நேரம் கடன், தவணை, வீட்டுச் சண்டை எதுவும் பேச வேண்டாம். சும்மா உட்காரவும். தூங்க விரும்புகிறவர் தூங்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் தாங்கள் கவனித்த ஒன்றைச் சொல்லட்டும்.

கலந்து பேச

1. நேற்று காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை நீங்கள் செய்த வேலைகளைச் சொல்லுங்கள். எவருக்கும் எதுவும் செய்யாமல் இருந்த நேரம் எவ்வளவு?
2. உங்கள் வீட்டு ஆண்கள் ஓய்வாக உட்காரும் இடம் எது? உங்களுக்கு அப்படி ஓர் இடம் உண்டா?
3. உங்கள் ஊரில் ஆலமரத்தடி, ஏரிக்கரை, பள்ளிக்கூட மைதானம் என்று பெண்கள் உட்காரத் தகுந்த பொது இடம் எது? அங்கே போகத் தடையாக இருப்பது என்ன?
4. அந்தத் தடையை நீக்க அடுத்த கிராம சபையில் என்ன கேட்கலாம்? மனுவை யார் எழுதுவது?

குழுவின் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவரவும். கார்த்திகைக்குள் எல்லாக் குழுக்களும் ஒரு முறையாவது போய்வர வேண்டும் என்பது எங்கள் ஆசை. கார்த்திகை கழிந்தால் மழை ஓயும், மாசி வந்தால் காடு காயும். பச்சை இருக்கும்போதே போய் உட்காருங்கள், தாய்மார்களே.